ஆங்கில வினையில் 'எஸ்', பெயருக்கு முன்னால் 'தி': காதை நம்பாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

உதவிப்பக்கம் எழுதியது:

ஒரு மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. நான் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியே போகும். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி. திருத்துவார், ஆனால் காரணம் சொல்லமாட்டார். கேட்டால், காதுக்கு இதுதான் சரியாகப் படுகிறது என்பார். என் காதுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இந்த வாரத் திருத்தங்களைப் பாருங்கள். 'தி லிஸ்ட் ஆஃப் ஃபைல்ஸ் ஆர் ரெடி' என்று இருந்ததில் 'ஆர்' போய் 'இஸ்' வந்தது. சரி, ஒருமை என்று புரிந்துகொண்டேன். அடுத்த பத்தியில் 'எ நம்பர் ஆஃப் யூசர்ஸ் இஸ்' என்று இருந்தது. அங்கே 'இஸ்' போய் 'ஆர்' வந்துவிட்டது! அதற்குக் கீழே 'தி நம்பர் ஆஃப் யூசர்ஸ் இஸ்' என்பதைத் தொடவே இல்லை. 'கிளிக் பட்டன்' என்பது 'கிளிக் தி பட்டன்' ஆனது. ஆனால் 'தி மெசேஜ் அப்பியர்ஸ்' என்பது 'எ மெசேஜ் அப்பியர்ஸ்' ஆகிவிட்டது. 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்பதில் கடைசி எஸ் போனது. 'ஆன் யுஆர்எல்' என்பது 'எ யுஆர்எல்' ஆனது, யு உயிரெழுத்துதானே?

இலக்கணப் புத்தகங்களில் விதிகளுக்குக் குறைவில்லை. எழுதும்போது எந்த இடத்தில் எந்த விதி பாயும் என்பதுதான் தெரியவில்லை. ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா?

---

நடுப்பக்கம் எழுதியது:

நிறைய படியுங்கள், தானாக வந்துவிடும். அதுவரை இலக்கணம் சரிபார்க்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதற்குக் குறுக்குவழி கிடையாது.

---

சிவப்புமை எழுதியது:

படித்தால் வரும் என்பது உண்மைதான். நாளைக் காலை பக்கத்தை அனுப்ப வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்?

தமிழர்கள் எழுதும் ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்துவது என் பிழைப்பு. 'ஆங்கிலத்தில் எழுதும்போது ஆங்கிலத்திலேயே யோசி, தமிழை மற' என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த விஷயத்தில் நான் நேர்மாறாகச் சொல்வேன். சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எழுவாய் எது என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

ஏன் தெரிகிறது என்றால், ஆங்கிலத்தில் முக்கியமான பெயர் முதலில் வரும், அதன் விளக்கமெல்லாம் பின்னால் தொங்கும். 'தி லிஸ்ட்' என்று ஆரம்பித்து, 'ஆஃப் ஃபைல்ஸ்' என்று நீண்டு, அப்புறம்தான் வினை. வினைக்குப் பக்கத்தில் நிற்பது 'ஃபைல்ஸ்'. நம் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது, 'ஆர்' போட்டுவிடுகிறோம். தமிழில் விளக்கம் முன்னால், முக்கியப் பெயர் கடைசியில்: 'கோப்புகளின் பட்டியல் தயார்.' தயாராக இருப்பது பட்டியல். ஒருமை. 'இஸ்'.

வாக்கியம் நீள நீளத்தான் இதன் அருமை தெரியும். என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் 'தி எஃபெக்ட் ஆஃப் தீஸ் மெடிசின்ஸ் இன் சில்ட்ரன் வித் அதர் இல்னெஸ்ஸஸ்' என்கிற மாதிரி எழுவாய் சர்வ சாதாரணம். வினைக்கு முன்னால் மூன்று பன்மைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழில் சொல்லுங்கள்: 'வேறு நோய்களும் உள்ள குழந்தைகளிடம் இந்த மருந்துகள் ஏற்படுத்தும் விளைவு.' கடைசிச் சொல் விளைவு. வேலை முடிந்தது.

உங்கள் 'நம்பர்' குழப்பமும் இதே சோதனையில் தீரும். 'எ நம்பர் ஆஃப் யூசர்ஸ்' என்றால் பல பயனர்கள். கடைசிச் சொல் பயனர்கள், அதனால் 'ஆர்'. 'தி நம்பர் ஆஃப் யூசர்ஸ்' என்றால் பயனர்களின் எண்ணிக்கை. கடைசிச் சொல் எண்ணிக்கை, அதனால் 'இஸ்'. 'ஒன் ஆஃப் தி ஃபைல்ஸ்' என்பது கோப்புகளில் ஒன்று. 'ஈச் ஆஃப் தி ஃபைல்ஸ்' என்பது கோப்புகள் ஒவ்வொன்றும். இரண்டும் ஒருமை.

'அண்ட்' போட்டால் பன்மை, 'அலாங் வித்' போட்டால் முதல் பெயரைப் பொறுத்தது என்று ஒரு விதி படித்திருப்பீர்கள். அதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'மேலாளரும் உதவியாளரும் வருகிறார்கள்', 'மேலாளர் உதவியாளருடன் வருகிறார்.' 'உம்' போட்டு அடுக்கினால் பன்மை, 'உடன்' சேர்த்தால் பழைய ஒருமையே. ஆங்கிலத்திலும் அப்படியே.

தமிழ் காலைவாரும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம். 'கோப்பு திறக்கும்', 'கோப்புகள் திறக்கும்.' வினை மாறுகிறதா? இல்லை. அஃறிணைக்கு இந்த 'உம்' விகுதி வினையில் ஒருமையும் கிடையாது, பன்மையும் கிடையாது. ஆங்கிலத்தில் சரியாக அந்த இடத்தில்தான் எஸ் விழுகிறது: 'தி ஃபைல் ஓபன்ஸ்', 'தி ஃபைல்ஸ் ஓபன்.' இறந்த காலத்தில் நமக்குத் திறந்தது, திறந்தன என்று வேறுபாடு உண்டு. அவர்களுக்கு 'ஓபன்ட்' ஒன்றே எல்லாவற்றுக்கும் ('வாஸ்', 'வேர்' மட்டும் விலக்கு). உதவிப் பக்கங்களில் எழுவாய் பெரும்பாலும் அஃறிணை, காலம் பெரும்பாலும் சாதாரண நிகழ்காலம். அதாவது தமிழ் நமக்குக் கைகொடுக்காத மூலையிலேயே உங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். ஆகவே இங்கே மட்டும் கண்ணால் சோதியுங்கள். பெயரில் எஸ் இருந்தால் வினையில் வேண்டாம்; பெயரில் இல்லாவிட்டால் வினையில் வேண்டும். 'சில்ட்ரன்', 'பீப்பிள்' எஸ் இல்லாத பன்மைகள். 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' எஸ்ஸோடு பிறந்த ஒருமைகள். இந்த மாதிரி சிலவற்றைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'கேன்', 'வில்', 'டஸ்' முன்னால் வந்துவிட்டால் பின்னால் வரும் வினைக்கு எஸ் கிடையாது: 'டஸ் நாட் ஓபன்.'

'தேர் இஸ் டூ எரர்ஸ்' என்று எழுதுவதற்கும் வேர் தமிழில்தான். 'ரெண்டு பிழை இருக்கு' என்றுதான் பேசுகிறோம். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் பேச்சில் 'தேர்ஸ் டூ' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எழுத்தில் 'தேர் ஆர்' தான்.

இனி 'தி'. தமிழில் அதற்கு ஈடு கிடையாது என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தனிச் சொல்லாக இல்லை, அவ்வளவுதான். இரண்டாம் வேற்றுமை 'ஐ' அந்த வேலையில் பாதியைச் செய்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நமக்குள் ஏற்கெனவே பேசிக்கொண்ட புத்தகம். 'பொத்தானை அழுத்துங்கள்' என்றுதான் எழுதுவீர்கள், 'பொத்தான் அழுத்துங்கள்' என்று எழுதமாட்டீர்கள். படிப்பவரின் திரையில் பொத்தான் தெரிகிறது, அதனால் 'தி பட்டன்'. செய்தி அப்படியல்ல, இப்போதுதான் முதன்முறையாகத் திரைக்கு வருகிறது. தமிழில் 'ஒரு செய்தி தோன்றும்' என்பீர்கள், அதனால் 'எ மெசேஜ்'. அடுத்த வரியில் அதையே மூடச் சொன்னால் 'செய்தியை மூடுங்கள்', அதாவது 'க்ளோஸ் தி மெசேஜ்'.

இதற்கு எல்லை உண்டு. உயர்திணைக்குப் பொதுவாக 'ஐ' வந்தே தீரும் என்பதால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது: 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் தெரிந்த டாக்டரா, யாரோ ஒரு டாக்டரா என்று சொல்ல முடியாது. 'ஒரு கோப்பைத் திறந்தேன்' என்று 'ஒரு'வும் 'ஐ'யும் சேர்ந்து வந்தால் 'ஒரு'வுக்கே வெற்றி, 'எ' போடுங்கள். இன்னொன்று, 'அவர் டாக்டர்' என்று நாம் வெறுமனே சொல்வோம். ஆங்கிலத்தில் 'எ' இல்லாமல் நிற்காது. இதன் எதிர்விளைவைத் தமிழில் பார்க்கிறேன்: இப்போதெல்லாம் 'அவர் ஒரு மருத்துவர்', 'இது ஒரு நல்ல செய்தி' என்று தேவையில்லாத 'ஒரு'க்கள் குவிகின்றன. கடன் கொடுத்த இடத்திலிருந்து வட்டியோடு வந்திருக்கிறது.

'இன்ஃபர்மேஷன்' விஷயத்தில் தமிழை மறந்தே ஆக வேண்டும். நமக்கு இரண்டு தகவல், மூன்று அறிவுரை, நான்கு சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு. அவர்களுக்கு 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'சாஃப்ட்வேர்', 'ஹார்ட்வேர்', 'எக்விப்மென்ட்', 'ஃபர்னிச்சர்', 'எவிடென்ஸ்', 'ஃபீட்பேக்' எதையும் எண்ண முடியாது. எஸ்ஸும் சேராது, 'எ'யும் சேராது. 'எ சாஃப்ட்வேர்' என்று எழுதியிருந்தால் 'எ புரோகிராம்' என்று மாற்றிவிடுங்கள்.

---

பாடம்நடத்துபவர் எழுதியது:

சிவப்புமை 'யுஆர்எல்' கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. 'யுஆர்எல்', 'யுனிவர்சிட்டி', 'யூரோப்பியன்' எல்லாம் யகரத்தில் தொடங்குகின்றன. 'வன்-வே' வகரத்தில் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் 'எ'. 'ஆனஸ்ட்', 'அவர்' (மணி நேரம்) இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஹெச் இருக்கிறது, ஆனால் தமிழில் எழுதினால் அ, ஆ. அதனால் 'ஆன்'. 'எக்ஸ்ரே', 'எம்பிஏ', 'எஸ்எம்எஸ்', 'எஃப்ஐஆர்' எல்லாம் எகரம், 'ஆன்'. தமிழ் எழுத்து ஒலியை அப்படியே காட்டுவதால் கிடைக்கும் லாபம் இது. 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று பிரித்து எழுதப் பழகியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நம்மில் பலர் பேச்சில் 'யெக்ஸ்ரே', 'யெம்பிஏ' என்றும், 'வன்' என்பதை 'ஒன்' என்றும் சொல்வார்கள். அப்படியே எழுதிச் சோதித்தால் விடை தப்பாக வரும்.

---

ஏழுவழு எழுதியது:

சிவப்புமை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் அஃறிணைப் பன்மையில் தமிழ் கைவிடுகிறது என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் இலக்கணப்படி சரி. பெயர் அப்படியே நிற்க, வினைதான் எண்ணிக்கையைச் சொல்கிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று இதற்கு நன்னூலில் இடம் உண்டு. ஆங்கிலத்தில் 'தி ஷீப் இஸ்', 'தி ஷீப் ஆர்' என்பதும் இதே கதைதான். 'மாடுகள் வந்தது' என்றால் அது பால் வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுக்களை வகுத்துவைத்த மொழியைப் பேசிக்கொண்டு, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு என்றால் ஏதோ அந்நியச் சரக்கு மாதிரி பயப்படுகிறோம். 'வந்தன', 'இருக்கின்றன' என்று தமிழை ஒழுங்காக எழுதிப் பழகியவர்களுக்கு ஆங்கிலத்திலும் இந்தப் பிழை குறையும் என்பது என் கணிப்பு.

வழு மட்டுமில்லை, வழுவமைதியும் உண்டு. பாசத்தால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்றால் குற்றமில்லை. பேசுபவரின் எண்ணத்துக்காக இலக்கணம் வளைந்துகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'டீம்', 'கமிட்டி', 'கவர்ன்மென்ட்' போன்றவற்றை இப்படித்தான் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் குழுவை ஒன்றாக நினைத்தால் 'தி டீம் இஸ்', அதிலுள்ள ஆட்களை நினைத்தால் 'தி டீம் ஆர்' என்பார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்' தான். அந்த அமெரிக்காவே ஒரு காலத்தில் தன்னைப் பன்மையாக எழுதிக்கொண்ட நாடு. அடிமைமுறையை ஒழித்த 13-வது அரசியலமைப்புத் திருத்தம் 1865-ல் ஏற்கப்பட்டது. அதில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பதைக் குறிக்க 'தேர்' (அவற்றின்) என்ற பன்மைச் சொல் இருக்கிறது. இன்று அந்த இடத்தில் 'இட்ஸ்' என்றுதான் எழுதுவார்கள். 'டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ்' என்பதும் இதே ரகம். பத்தையும் சேர்த்து ஒரே தூரமாக நினைக்கிறார்கள்.

அதனால் சரிபார்ப்பவர் ஒரு பக்கத்தில் 'தி டீம் இஸ்' என்றும் இன்னொரு பக்கத்தில் 'தி டீம் ஆர்' என்றும் விட்டிருந்தால், அங்கே மட்டும் நீங்கள் அவரைத் திருப்பிக் கேட்கலாம். எது வேண்டுமானாலும் சரி, ஆனால் ஒரே ஆவணத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

---

நடுப்பக்கம் எழுதியது:

சரி, குறுக்குவழி கிடையாது என்று நான் சொன்னதை நானே பாதி திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'நெய்தர்... நார்' வந்தால் என்ன செய்வீர்கள்? 'சர்வரும் இல்லை, கோப்புகளும் இல்லை' என்று தமிழில் சொன்னால் ஒன்றும் துலங்கவில்லையே.

---

சிவப்புமை எழுதியது:

துலங்காது. அங்கே ஆங்கிலம் தன் வழக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறது. 'நெய்தர் தி சர்வர் நார் தி ஃபைல்ஸ் ஆர் அவைலபிள்.' வினைக்கு அருகில் இருக்கும் பெயர் எதுவோ அதன்படி. இடம் மாற்றி 'நார் தி சர்வர் இஸ்' என்றாலும் விதிப்படி சரிதான், ஆனால் படிக்க இடறும். அதனால் பன்மையைக் கடைசியில் வைத்துவிடுங்கள். 'ஐதர்... ஆர்' (இது அல்லது அது) வந்தாலும் இதே கதை.

ஏழுவழு சொன்ன 'வந்தன' பழக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழில் அப்பழுக்கில்லாமல் எழுதும் பேராசிரியர்களின் ஆங்கிலக் கட்டுரைகளிலும் 'தி ரிசல்ட் ஷோ' என்று வரத்தான் செய்கிறது. 'முடிவு காட்டும்', 'முடிவுகள் காட்டும்' என்ற அந்த 'உம்' விகுதி அவர்களையும் விடுவதில்லை.

---

உதவிப்பக்கம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பட்டியல், எண்ணிக்கை இரண்டும் தெளிவாகிவிட்டன. தமிழில் எழுதிப் பார்க்கும் 'எ', 'ஆன்' சோதனை பிரமாதம், இனி அகராதியைத் திறக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு கேள்விகள். 'ஓபன் செட்டிங்ஸ்' என்பதில் 'தி' சேர்த்திருந்தேன், எடுத்துவிட்டார். அதே பக்கத்தில் 'ஓபன் செட்டிங்ஸ் பேஜ்' என்பதில் 'தி' சேர்த்துவிட்டார். தமிழில் இரண்டுக்கும் 'ஐ' வருகிறதே?

இன்னொன்று, 'திஸ் இஸ் ஒன் ஆஃப் தி ஃபைல்ஸ் தட் இஸ் மிஸ்ஸிங்' என்று எழுதினேன். கோப்புகளில் ஒன்று, ஒருமைதானே? இரண்டாவது 'இஸ்' என்பதை 'ஆர்' ஆக்கியிருக்கிறார்.

---

பாடம்நடத்துபவர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான். 'செட்டிங்ஸ்' தனியாக வரும்போது அது அந்தத் திரையின் பெயர். ஆளின் பெயருக்கு முன்னால் 'தி' போடுவதில்லை, அதுபோல இதற்கும் வேண்டாம். 'பேஜ்' என்று பொதுச் சொல் சேர்ந்ததும் முக்கியப் பெயர் 'பேஜ்' ஆகிவிடுகிறது, 'செட்டிங்ஸ்' அதற்கு அடைமொழி. எந்தப் பக்கம் என்று தெரியும், அதனால் 'தி'.

நிலப்பெயர்களுக்கு இந்த நியாயம் அவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் இவற்றுக்கு 'தி' உண்டு: 'தி நைல்', 'தி பசிபிக்', 'தி ஹிமாலயாஸ்', 'தி பிலிப்பைன்ஸ்.' தனிச் சிகரத்துக்கும் ஏரிக்கும் கிடையாது: 'மவுண்ட் எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா.' நாடுகளுக்குப் பொதுவாக இல்லை, ஆனால் 'தி நெதர்லாண்ட்ஸ்', 'தி காம்பியா' உண்டு. உக்ரைனுக்கு முன்னால் 'தி' போடும் வழக்கம் இருந்தது. 1991-ல் அது தனி நாடான பிறகு அந்த வழக்கம் மெல்ல ஒழிந்தது. 'தி' போட்டால் ஏதோ ஒரு வட்டாரத்தின் பெயர்போல ஒலிக்கிறது என்று உக்ரைனியர்கள் ஆட்சேபிக்கிறார்கள். உங்கள் உதவிப் பக்கத்தில் இதெல்லாம் வராது, பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் கொட்டிவிட்டேன்.

---

சிவப்புமை எழுதியது:

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதில் வினைகள் இரண்டு இருக்கின்றன, அதனால் சோதனையை இரண்டு முறை போட வேண்டும். தமிழில் முழுதாகச் சொல்லுங்கள்: 'காணாமல் போன கோப்புகளில் இது ஒன்று.' 'காணாமல் போன' என்ற எச்சம் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? கோப்புகளோடு. காணாமல் போனவை பல, அவற்றில் இது ஒன்று. எனவே 'தட் ஆர் மிஸ்ஸிங்.' முதல் 'இஸ்' மட்டும் 'இது' என்பதற்கு உரியது, அது அப்படியே இருக்கட்டும்.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர்களும் 'இஸ்' போடுவது உண்டு, எல்லோரும் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் சரிபார்ப்பவரோடு இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம், இதில் அவர் பக்கம்தான் கனமானது. வாக்கியத்தில் 'தி ஒன்லி ஒன்' என்று வந்துவிட்டால் மட்டும் நிலைமை தலைகீழ்: 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி ஃபைல்ஸ் தட் இஸ் மிஸ்ஸிங்.' 'கோப்புகளில் காணாமல் போனது இது ஒன்றுதான்.' இங்கே காணாமல் போனது ஒன்றே ஒன்று, அதனால் 'இஸ்'.